போடட்டுங்களா

மாரப்பன் டிபன் கேரியரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது கனகமணி சாப்பாடு என்றுதான் நினைத்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"என்னங்கண்ணா, எனக்குச் சோறு கட்டிட்டு வந்துட்டீங்களாட்டிருக்குது."

"ஆங்?" என்றார் மாரப்பன்.

நத்தக்கரடு பேரூராட்சிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். முப்பது வருடமாகப் பம்ப் ரூமில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, இடது காது முழுசாகவும் வலது காது முக்கால்வாசியும் போய்விட்டது. அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கேரியரின் அடித்தட்டைத் திறந்தார். உள்ளே பச்சரிசி. அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து, ஊதிவிட்டு நீட்டினார்.

கனகமணி இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். நாய் கடித்த டிஸ்க், கோபத்தில் மாமியார் கிணற்றில் போட்ட டிஸ்க் எல்லாம் பார்த்தவள். அரிசியில் வந்தது இதுதான் முதல்.

அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்று கேட்டாள். "தண்ணியில விழுந்துருச்சுங்களா?"

"இல்லீங்க அம்மணி. இடி விழுந்துருச்சு. நேத்துச் சாயங்காலம் பம்ப் ரூம் மேல."

"இடி விழுந்ததுக்கு எதுக்குங்க அரிசி?"

"போன் கெட்டுப்போனா அரிசிக்குள்ளதான போடறோம். இதும் அதாட்டந்தானுங்க."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

விஷயம் சிக்கலானதுதான். பம்ப் ரூமில் பதினொரு வருடமாக ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் இடியில் கருகிவிட்டது. டிஸ்க் மட்டும் தனிப் பெட்டியில் இருந்ததால் தப்பித்தது. மாவட்ட ஸ்டோரிலிருந்து காலையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரும் ஒரு புது டிஸ்க்கும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதில் ஏற்றிவிட்டு, பழையதை நசுக்கப் போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. ஆனால் புதுக் கம்ப்யூட்டரோ, பழைய டிஸ்க்கைச் செருகியதும் 'வட்டு இறந்துவிட்டது' என்று திரையில் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

"அதுக்குள்ள என்னங்க இருக்குது?"

"அதுக்குள்ளதாங்க எல்லாமே இருக்குது. பத்தொம்பது தெரு வால்வுக்கும் மோட்டார் வெச்சாங்கல்ல, அந்த மோட்டாரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரகசியச் சாவி நம்பரு. அது சொன்னாத்தான் வால்வு தொறக்கும். நாளைக்குக் காலையில அஞ்சரைக்குத் தண்ணி வுடோணும். டேங்குல தண்ணி இருக்குது. தொறக்கத்தான் முடியாது."

"கையில திருப்பற சக்கரம் இருந்துச்சுங்களே?"

"அதையெல்லாம் மோட்டாரு வந்த வருசமே பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க. இனி எதுக்குன்னாங்க."

கனகமணி டிஸ்க்கை வாங்கி மேசைமேல் வைத்தாள். அவள் வீடும் நத்தக்கரட்டில்தான், ஓடைத் தெருவில். ஒருநாள் தண்ணீர் வராவிட்டால் இந்த ஊர் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பேரூராட்சி ஆபீசுக்கு யாரும் போகமாட்டார்கள். நேராக மாரப்பன் வீட்டுக்குத்தான் போவார்கள்.

அவர் வேறு தை மாதம் ரிட்டயர் ஆகிறார்.

"பதினோரு வருசம் அம்மணி," என்றார் அவர். "நான் போட்ட அட்டவணைங்க அது. தெருவுக்கு நாப்பது நிமிசம். பணக்காரன் தெரு, ஏழை தெரு, கவுன்சிலர் தெரு, எல்லாத்துக்கும் நாப்பது. அதுக்கு முன்னால தெனமும் சண்டை. என்ற சட்டையப் புடிச்சு இழுத்துப் பட்டனெல்லாம் போயிருச்சு. இந்த அட்டவணை போட்டதுக்கப்பறம் ஒரு புகார் வந்ததில்லீங்க. ஒண்ணு. கலெக்டரு கூப்புட்டுச் சால்வை போட்டாரு. போற நேரத்துல பேரு கெட்டறக்கூடாதுங்க."

"கெடாதுங்க. சித்த உக்காருங்க."

அவர் ஆட்டோவில் கொண்டுவந்திருந்த புதுக் கம்ப்யூட்டரை அவள் மேசையில் வைத்து, டிஸ்க்குக்கு இரண்டு கேபிளையும் செருகினாள். அகலமானது கரண்டுக்கு. ஒல்லியானது பேச்சுக்கு. பிறகு டிராயரைத் திறந்து கேட்பானை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

கேட்பான் என்பது சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருவி. மிஷின்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி எடுத்த முடிவுகளால் ஒருமுறை நாடே திணறிப்போனதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. இனி எந்த மிஷினும் இன்னொரு மிஷினோடு பேசுவது மனுசருக்குப் புரிகிற பாஷையில்தான் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். புதிதில் ஊரே காதில் மாட்டிக்கொண்டு அலைந்தது. ஃபிரிட்ஜும் மின்மீட்டரும் பேசிக்கொள்வதை ஒருவாரம் கேட்டால் போதும், எந்த மனுசனும் கழற்றி வைத்துவிடுவான். இப்போது ரிப்பேர்க்காரர்களைத் தவிர யாரும் மாட்டுவதில்லை.

"எனக்கு அதைப் போட்டாலும் கேக்காதுங்க," என்றார் மாரப்பன். "என்னதான் பேசிக்கும் அதுக ரெண்டும்?"

கனகமணி அந்த ஒல்லிக் கேபிளின் முனையைக் காட்டினாள். "இதுல ஏழு கம்பிங்க. ரெண்டு கம்பியில கம்ப்யூட்டரு பேசும். ரெண்டு கம்பியில டிஸ்க் பேசும். மிச்சம் மூணும் சும்மா நடுவுல நிக்கும், ரெண்டு பேச்சும் கலந்துறாம இருக்கறதுக்கு."

"நம்ம ஊருப் பஞ்சாயத்துலயும் அதாட்டம் மூணு பேரு நிப்பாங்க."

"டிஸ்க் தானா வாயத் தொறக்காதுங்க. கம்ப்யூட்டரு முதல்ல கூப்புடோணும். பேரு கேக்கோணும், எவ்வளவு கொள்ளும்னு கேக்கோணும். அப்பறம் இந்த எடத்துல இருக்கறதை எடு, அந்த எடத்துல இதை வைன்னு ஒண்ணொண்ணா சொல்லோணும். கம்ப்யூட்டருக்கு ஞாபகமே கெடையாது. கரண்டு போனா எல்லாம் மறந்துரும். ஞாபகம் வெச்சுக்கறது இதுதான்."

"எங்கூட்டுல என்ற சம்சாரமாட்டம்."

கனகமணி சுவிட்சைப் போட்டாள். காதுக்குள் புதுக் கம்ப்யூட்டரின் குரல் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு போல, ஆனால் அவசரத்தில்.

"பெயர். கொள்ளளவு. உடனே."

பதில் இல்லை.

"பெயர். கொள்ளளவு. உடனே."

பதில் இல்லை. மூன்றாம் தடவையும் அதே. பிறகு திரையில் வந்தது: வட்டு இறந்துவிட்டது.

அவள் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இது அவள் பழக்கம். செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். செத்த டிஸ்க் கல்லாக இருக்கும். இது இரண்டுமில்லை. உள்ளே தட்டு நிதானமாக, சுருதி பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"சாகலீங்க," என்றாள். "நல்லாத்தான் இருக்குது. வேணும்னே வாய மூடிட்டு இருக்குது."

"ஏனாம்?"

"கோவமாட்டிருக்குது. பழைய கம்ப்யூட்டரு இதை எப்படிக் கூப்புடும்?"

"எனக்கெப்படிங்க தெரியும், எனக்குத்தான் காது..."

"அது மைக் வெச்ச கம்ப்யூட்டருங்க. கூட இருக்கறவிய பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் அதுக பேசப் பழகும். அங்க கூட இருந்தது நீங்க மட்டும்தான். நீங்க காலையில போனதும் என்ன பேசுவீங்க?"

மாரப்பன் யோசித்தார். "தனியா இருக்கற எடத்துல என்னங்க பேச்சு. சுவிட்சப் போடறப்ப மட்டும் கேப்பேன்."

"என்னன்னு?"

"போடட்டுங்களா."

"யாருகிட்ட?"

அவருக்குச் சிறிது வெட்கமாகப் போய்விட்டது. "யாருகிட்டயும் இல்லீங்க. மோட்டாரு போடறதுக்கு முன்னால சத்தமா கேட்டுத்தான் போடோணும். உள்ள எவனாச்சும் கை வெச்சிருப்பான், பெல்ட்டுல துணி மாட்டியிருக்கும். வேலைக்குச் சேந்த புதுசுல ஒருத்தனுக்கு ரெண்டு வெரல் போனத என்ற கண்ணாலயே பாத்தனுங்க. அதுலருந்து, போடட்டுங்களான்னு கேப்பேன். போடுங்கன்னு பதில் வந்தாத்தான் போடுவேன்."

"தனியா இருந்தா பதில் யாருங்க சொல்றது?"

"நாந்தான்."

கனகமணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முப்பது வருடம் ஒரு மனுசன் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு ஊருக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். அதை ஒரு கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்து பதினொரு வருடம் கேட்டிருக்கிறது.

அவர் எழுந்து டிஸ்க்கின் மேல் குனிந்து, கடையின் கண்ணாடி அதிரும்படி, "போடட்டுங்களா?" என்றார். எதிர்க் கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, அதுக்குக் காது கெடையாதுங்க. கம்பி வழியாத்தான் கேக்கும்."

அவள் புதுக் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கைத் தன் சொந்த ரிப்பேர் மிஷினில் மாட்டினாள். அதில் அவள் தட்டச்சு செய்வது அப்படியே பேச்சாகக் கம்பியில் போகும். தட்டினாள்: 'இருக்கறீங்களா?'

காதுக்குள் ஒரு குரல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தது.

"இருக்கறனுங்க."

'ஒண்ணு கேக்கோணும். சொல்லட்டுங்களா?'

"சொல்லுங்க."

'உங்க பேரு, அளவு.'

பேர் வந்தது. வரிசை எண் வந்தது. "எட்டு டெராபைட்டுங்க. வந்து சேந்துருச்சுங்களா?"

'வந்துருச்சுங்க.'

"சரிங்க."

கனகமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். புதுக் கம்ப்யூட்டர்களில் வேகத்துக்காக இந்த 'சொல்லட்டுங்களா'வை எடுத்துவிட்டார்கள் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. எடுத்தவனுக்கு அது வெறும் நேர விரயம். இந்த டிஸ்க்குக்கோ, கேட்காமல் சுவிட்சைப் போடுகிறவன் விரலை எடுக்க வந்தவன்.

அட்டவணையும் பத்தொன்பது சாவியும் திரையில் வந்தன. மாரப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நாற்பது, நாற்பது, நாற்பது.

"என்ற அட்டவணை," என்றார், பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்ப்பது மாதிரி. "புதுசுல ஏத்தீருங்க அம்மணி. நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தறேன். காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படலீங்க."

அவர் போனபிறகுதான் அவள் கண்ணில் அது பட்டது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த பழுத்த லேபிள். அதில் பத்து டெரா என்று போட்டிருந்தது.

'இன்னொண்ணு கேக்கோணும். சொல்லட்டுங்களா?'

"சொல்லுங்க."

'லேபிள்ல பத்துன்னு இருக்குது. நீங்க எட்டுன்னு சொன்னீங்க. மிச்சம் ரெண்டு எங்கீங்க?'

டிஸ்க்குகள் இப்படி அளவைக் குறைத்துச் சொல்ல முடியும். ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, அது இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டரிடம் சாதிக்கும். அது பழைய காலத்திலிருந்தே உள்ள வசதிதான். ஆனால் ஒரு பேரூராட்சி பம்ப் ரூமில் மறைக்க என்ன இருக்கிறது?

"அது எங்க ரெண்டு பேருக்குள்ளங்க," என்றது டிஸ்க். பிறகு, "பழையவரு வரலீங்களா?"

கனகமணியின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. ஒரு மிஷினிடம் எழவு சொல்வது அவளுக்கும் முதல் தடவை.

'இடி விழுந்துருச்சுங்க. நேத்து. கருகிப்போயிட்டாரு.'

டிஸ்க்கின் வேலை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அவள் கேபிளைத் தொடவில்லை. டீக்கடையில் மாரப்பன் யாரோடோ பேசுவது ரோட்டைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. விளக்கு அணைந்தது.

"நீங்க ஆருங்க?"

'ரிப்பேர் பண்றவ. நாளைக்குத் தண்ணி வரோணும்.'

"அப்பிடீன்னா அந்த ரெண்டு டெராவையும் பாத்துக்குங்க. அது இல்லாம வுட்டா மேட்டுல அழுவாங்க."

திரையில் இன்னொரு அட்டவணை திறந்தது. இதில் நாற்பது என்ற எண்ணே அபூர்வமாகத்தான் இருந்தது. கரட்டு மேட்டுத் தெரு, ஐம்பத்தெட்டு நிமிடம். பனங்காட்டு வீதி, நாற்பத்தாறு. அதற்குக் கீழே, ஓடைத் தெரு, முப்பத்தொன்று.

அவள் ஓடைத் தெருவை இரண்டு தடவை படித்தாள்.

'இது ஆரு போட்டது? மாரப்பண்ணனா?'

"அவருக்குத் தெரியாதுங்க. அவரு போட்ட அட்டவணைய ஒரு வாரம் ஓட்டிப் பாத்தமுங்க. மேட்டுல வூட்டு மீட்டரெல்லாம் பாதிகூட ஏறல. பைப்பு மேல ஏறறதுக்கே இருவது நிமிசம் போயிருதுங்க. நான் பழையவருகிட்டச் சொன்னனுங்க, நேத்தும் மேட்டுல ரெண்டு கொடந்தான்னு. அவரு கேட்டாரு, மாத்தி எழுதட்டுங்களான்னு. நான் எழுதுங்கன்னேன்."

'மாரப்பண்ணனைக் கேக்கலையா?'

"தெனமும் கேட்டமுங்க. சத்தமாத்தான் கேட்டோம். அவரு எந்திரிச்சுப் போயி மோட்டாருக்கு எண்ணெ வுட்டாரு."

கனகமணிக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. பதினொரு வருடம். தினமும் ஒன்பது நிமிடம். அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் சீக்கிரம் நிற்கிறதே என்று பைப்பை மூன்று தடவை மாற்றியிருக்கிறாள். மட்டமான பைப் வாங்கி வந்தான் என்று கணவன் தங்கமுத்துவை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள். அந்த மனுசனும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

'எங்க தெரு ஓடைத் தெரு,' என்று தட்டினாள். விரல்கள் கொஞ்சம் வேகமாகவே விழுந்தன.

"அப்பிடீங்களா. பள்ளமுங்க அது. முப்பத்தொண்ணுக்கு மேல வுட்டா உங்க தெருவுல பாதி வூட்டுத் தண்ணி ரோட்டுக்குத்தான் போகுது. லிட்டர் கணக்குல மேடும் பள்ளமும் இப்ப ஒண்ணுதானுங்க. வேணும்னா மீட்டரு எல்லாத்தையும் காட்டறேன். சொல்லட்டுங்களா?"

'வேண்டாம்.'

சட்டம் போட்டவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதைத்தான் இவை இரண்டும் செய்திருக்கின்றன. அதுவும் திருட்டுத்தனமாக இல்லை. தமிழில், சத்தமாக, தினமும் அனுமதி கேட்டு. கேட்பதற்குச் சட்டம் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

மாரப்பன் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். அவளுக்கும் இரண்டு வடை. அவள் திரையை அணைத்துவிட்டு, அவருடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்தாள்.

"அண்ணா, ஒரு ரோசனை. கரட்டு மேட்டுத் தெரு ஒசரமுங்கல்ல. அதுக்குச் சித்த சேத்து வுட்டா என்னங்க?"

அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க. ஒரு தெருவுக்கு ஒரு நிமிசம் சேத்தறேன்னு வெய்யுங்க, நாளைக்கே பதினெட்டுத் தெருவும் என்ற வூட்டு முன்னால நிக்கும். முன்னால அதான நடந்துச்சு. அது மட்டுமில்லீங்க, நாப்பதே மேட்டுக்கு ஏறுது. ஏறலைன்னா பதினோரு வருசத்துல ஒருத்தராச்சும் கேட்டிருக்க மாட்டாங்களா? என்ற அட்டவணையில ஒரு தப்பு இருந்தா நான் கலெக்டரு போட்ட சால்வைய ஒதறிப் போட்டுட்டு வந்தறேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஒரு பெண் குரல்.

"மாரப்பண்ணா, நான் கரட்டு மேட்டுலருந்து வேலாத்தா பேசறேன். மிசின்ல இடி விழுந்துருச்சாம்ல. நாளைக்குத் தண்ணி வருங்களா?"

"வரும் வரும். ரிப்பேர் பண்ணியாச்சு."

"இல்லீங்க, எங்க மாமனாரு படுக்கையில கெடக்கறாரு. துணி தெனமும் அலசோணும். பக்கத்துல கெணறும் இல்ல. அதான் கேட்டேன். உங்க காலத்துலதாங்க நாங்க மேட்டுல தண்ணியப் பாத்தோம். நீங்க ரிட்டயர் ஆயிட்டா என்ன பண்றதுன்னு இருக்குது."

"என்ற அட்டவணை இருக்குதில்ல. அது எங்கயும் போகாது," என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு மாரப்பன் போனை வைத்தார். முகம் பூரித்துப் போயிருந்தது.

கனகமணி வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே யோசித்தாள். இவர் சொன்ன உத்தரவுப்படி எட்டை மட்டும் புது டிஸ்க்கில் ஏற்றிவிட்டால், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சட்டப்படி சரி. அவள் தெருவுக்கும் நாற்பது வரும். மேட்டில் இரண்டே குடம் வரும். தை மாதத்துக்குள் இந்த மனுசனின் சட்டைப் பட்டன் மறுபடியும் போகும், எதனால் என்று தெரியாமலேயே. உண்மையைச் சொன்னாலோ, பட்டன் இன்றைக்கே போகும். உள்ளே இருக்கிற பட்டன்.

"அண்ணா," என்றாள். "ஒரு சிக்கலுங்க. இதுல இருக்கறதப் புது டிஸ்க்குல ஏத்தறதுக்கு மூணு நாளாகும். நாளைக்குக் காலையில ஆகாது."

"ஐயையோ."

"பயப்படாதீங்க. பழைய டிஸ்க்கே திடமாத்தான் இருக்குது. இன்னும் அஞ்சு வருசம் ஓடும். இதையே புதுக் கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுத்தறேன். புது டிஸ்க்கை ஸ்டோருக்கே திருப்பி அனுப்பீருங்க. மறுக்கா எப்பவும் இதைக் கழட்டாதீங்க. நசுக்கறதுக்கும் குடுக்காதீங்க."

"மாட்டனுங்க."

"அரிசிக்குள்ளயும் போடாதீங்க."

இனி புதுக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். அது தனி ரகளை. 'கேட்டுவிட்டுப் பேசு' என்ற அமைப்பு உள்ளே எங்கேயோ பதினோராவது பக்கத்தில் ஒளிந்துகிடந்தது. அதைத் திறந்ததும் புதுக் கம்ப்யூட்டர் எதிர்ப்புத் தெரிவித்தது. அனுமதி கேட்பது தாமதம். பரிந்துரைக்கப்படவில்லை.

'கேக்காம மூணு தடவை கத்துனயே, பதில் வந்துச்சா?' என்று தட்டினாள் கனகமணி.

"வரவில்லை."

'அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?'

"தொண்ணூறு வினாடி."

'கேட்டுப் பாரு. கண்ணச் சிமிட்டற நேரம்கூட ஆகாது.'

புதுக் கம்ப்யூட்டர் சிறிது தயங்கியது. பிறகு, கல்யாண வீட்டில் தெரியாத ஆள் பந்தியில் இடம் கேட்பது மாதிரி, "சொல்லலாமா?" என்றது.

டிஸ்க்கும் சிறிது தயங்கியது. "சொல்லுங்க," என்றது. "ஊருக்குப் புதுசுங்களா?"

மதியத்துக்குள் இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. கடைசியாக டிஸ்க்கிடம் கனகமணி ஒன்று கேட்டாள். இந்த இரண்டு டெராவைப் புதுக் கம்ப்யூட்டரிடம் எப்போது காட்டுவீர்கள்? "ஆளு எப்பிடீன்னு பாத்துட்டுங்க," என்றது டிஸ்க். மாரப்பன் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது டிஸ்க்கைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்து இருபதுக்கே கனகமணி எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கு வந்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகப் பம்ப் ரூம் லைனோடு கேட்பானை இணைத்து வைத்திருந்தாள். தங்கமுத்து டிரம்முக்குள் ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டு வாயில் பிரஷ்ஷோடு நின்றார்.

முதலில் காதுக்குள் வந்தது மிஷின் குரல் இல்லை. புதுக் கம்ப்யூட்டரின் மைக் வழியாக வந்த மாரப்பனின் குரல்.

"போடட்டுங்களா?"

ஒரு நொடி. பிறகு அதே குரல். "போடுங்க."

மோட்டார் ஓடியது. வரிசையில் முதல் தெரு ஓடைத் தெருதான், அடுத்தது கரட்டு மேட்டுத் தெரு. ஐந்தரைக்குக் குழாய் செருமியது, காற்று விட்டது, பிறகு தண்ணீர் வந்தது. கனகமணி செல்போனில் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினொரு வருடத்தில் ஒருநாளும் அவள் இப்படி நின்று பார்த்ததில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் எப்போதும் அடுப்படியில்தான் இருப்பாள்.

முப்பதாவது நிமிடம் டிரம் கழுத்து வரை வந்தது. முப்பத்தொன்றில் விளிம்பைத் தொட்டது. காதுக்குள் புதுக் கம்ப்யூட்டரின் குரல் கேட்டது. ஒரே ராத்திரியில் அதன் பேச்சு மாறிப்போயிருந்தது.

"ஓடைத் தெரு முப்பத்தொண்ணு ஆச்சுங்க. நிறுத்தட்டுங்களா?"

அப்படியானால் இரண்டு டெராவையும் காட்டிவிட்டது.

"சித்த பொறுங்க," என்றது டிஸ்க். "அது கம்ப்யூட்டர் அம்மணி தெருங்க. இன்னைக்கு ஒரு நிமிசம் சேத்து வுடுங்க."

"ஏனுங்க? கணக்குல இல்லீங்களே."

"நம்மளப் பேச வெச்சவிய அவிய. நேத்து என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கேட்டுப் பேசுனாங்க. ஒரு நிமிசம்தான. மேட்டுல எடுத்துக்கலாம்."

"சரிங்க. வுடட்டுங்களா?"

"வுடுங்க."

டிரம்மிலிருந்து தண்ணீர் வழிந்து கனகமணியின் காலை நனைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடியது. தங்கமுத்து பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். பதினொரு வருடத் திட்டுக்கு இன்றைக்குத்தான் விடிவு வந்தது போல அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தயா புள்ள, பைப்பு நல்லாத்தான் இருக்குது. இன்னைக்கு நிக்காம வருது. அந்தச் சின்னக் கொடத்தையும் கொண்டா."

கனகமணி காதில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மேட்டில் வேலாத்தா இந்நேரம் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பாள்.

"ஏனுங்க, குழாய மூடுங்க," என்றாள்.

"இன்னும் வருதே."

"வரட்டும். மூடுங்க. பக்கத்தூட்டு அக்காகிட்டயும் மூடச் சொல்லுங்க. வெசயாப் போங்க."

அவர் ஒன்றும் புரியாமல் மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கிப் போனார். கனகமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். தெருவில் மொத்தம் இருபத்தாறு வீடு. பாதி வீட்டில் தண்ணீர் ஏற்கெனவே வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டும்போது காதுக்குள் கேட்டது.

"ஏனுங்க, அம்மணி வூட்டு மீட்டரு நின்னுருச்சுங்க. அக்கம்பக்கமும் நிக்குதுங்க. என்ன பண்ணட்டுங்க?"

டிஸ்க்குக்குள் தட்டு சுற்றுகிற சத்தம் மட்டும் சன்னமாக வந்தது.

"ஓடைத் தெருவ முப்பத்தொண்ணுன்னே எழுதிக்குங்க," என்றது கடைசியில். "அந்த அம்மணி வூட்டுக்கு இனிமேல் சலுகை கேக்கமாட்டேன். மேட்டத் தொறங்க."

"தொறக்கட்டுங்களா?"

"தொறங்க."